தம்பியின் பன்றிகளைப் பார்க்கப் போனேன்

சனிக்கிழமை காலை ஐந்து பத்துக்கு மந்தைவெளியில் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினேன். கையில் ஒரே ஒரு பை. அதில் மாற்றுடை, ஒரு பழைய நைட்டி, தம்பி மனைவி செல்விக்கு இரண்டு முழம் மல்லிகை, அரைக் கிலோ மைசூர்பாகு. நான் ஓர் அரசு மருத்துவமனையின் பிரசவ வார்டில் ஸ்டாஃப் நர்ஸ். இருபத்தாறு வருட சர்வீஸ். இரண்டு நாள் சேர்ந்தாற்போல் விடுப்பு கிடைத்தால் தூங்கியே கழிப்பது என் வழக்கம். இந்த முறை தூக்கத்தை ஒத்திவைத்துவிட்டு, மதுராந்தகம் பக்கத்தில் தம்பி ஜெரால்டு நடத்தும் பன்றிப் பண்ணையைப் பார்க்கப் புறப்பட்டேன். அவன் அதைத் தொடங்கி நான்கு வருடம் ஆகிறது. நான் போவது அதுதான் முதல் தடவை.

மந்தைவெளியிலிருந்து மாம்பலம் ரயில் நிலையத்துக்கு ஆட்டோ நூற்று அறுபது ரூபாய். டிரைவருக்குப் பேச்சுத்துணை வேண்டியிருந்தது.

"இன்னாக்கா, ஊருக்கா?"

"மதுராந்தகம் தாண்டி. தம்பி பன்னிப் பண்ணை வச்சிருக்கான்."

கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்தார். "பன்னியா? எங்க ஏரியால கால்வாயாண்ட சுத்திகினு கீதே, அதுவா?"

"அது இல்லைங்க. குப்பை கிட்டயே விடமாட்டான். தோப்பு மாதிரி இடம். அதுல புல்லு, கிழங்கு, தவிடு."

"எங்க மாமா மூலத்துக்கு நல்லதுன்னு வாங்கினு வருவாரு. வூட்ல சொல்லமாட்டாரு. வெளியவே ஆக்கித் துன்னுட்டு, குளிச்சிட்டுத்தான் உள்ள வருவாரு" என்றார். பிறகு, "டேஸ்ட்டு மட்டும் சோக்கா இருக்கும்னு சொல்வாரு" என்று சேர்த்துக்கொண்டார்.

ஐந்து நாற்பதுக்குச் செங்கல்பட்டு மின்சார ரயில். டிக்கெட் பதினைந்து ரூபாய். ரங்கநாதன் தெருவில் கடைகள் எல்லாம் ஷட்டர் இறங்கிக் கிடந்தன. அந்தத் தெருவை அவ்வளவு காலியாக நான் பார்த்ததில்லை. ஜெரால்டு இந்தப் பகுதியில்தான் ஒரு பெரிய துணிக்கடையில் பதினான்கு வருடம் வேலை பார்த்தான். சட்டைத் துணிப் பிரிவு, இரண்டாவது மாடி.

தாம்பரம் தாண்டியதும் பெட்டி காலியாகி ஜன்னல் இடம் கிடைத்தது. செங்கல்பட்டு வருவதற்குச் சற்று முன் கொளவாய் ஏரி தண்டவாளத்தை ஒட்டியே வந்தது. தண்ணீரின் மேல் வெயில் அப்போதுதான் விழத் தொடங்கியிருந்தது. ஏழு மணிக்குச் செங்கல்பட்டில் இறங்கி, பதினைந்து ரூபாய்க்கு ஒரு டீ குடித்து, மதுராந்தகம் பஸ் பிடித்தேன். இருபத்தைந்து கிலோமீட்டர், முக்கால் மணி நேரம்.

மதுராந்தகம் பஸ் நிலையத்தில் ஜெரால்டு டிவிஎஸ் எக்ஸெல்லில் காத்திருந்தான். முன்னால் ஒரு தவிட்டு மூட்டை. துணிக்கடையில் இருந்தபோது அவன் முகம் எப்போதும் டியூப் லைட் வெளிச்சத்தில் வெளுத்துத் தெரியும். மாலையில் வீட்டுக்கு வந்ததும் கால் இரண்டையும் சுவரில் உயர்த்தி வைத்துப் படுப்பான். நரம்புகள் புடைத்துச் சுருண்டிருக்கும். இப்போது நன்றாகக் கறுத்திருந்தான். நாற்பத்தாறு வயதில் முப்பதின் நடை வந்திருந்தது.

"பின்னால நல்லா புடிச்சிக்கினு உக்காரு அக்கா. பதினோரு கிலோமீட்டர்தான்" என்றான்.

செய்யூர் போகும் சாலையில் போய், இடது பக்கம் மண் பாதையில் திரும்பினோம். எட்டரை மணி இருக்கும். நான் முதலில் கவனித்தது வாசனையைத்தான், அதாவது வாசனை இல்லாததை. பன்றி என்றால் ஒரு நாற்றத்துக்கு மூக்கைத் தயார் செய்து வைத்திருந்தேன். ஈர மண்ணும் வேப்பம்பூவுமாக இருந்தது.

மூன்று ஏக்கர் நிலம். செல்விக்கு அவள் அப்பா எழுதிக் கொடுத்தது. அதைக் கம்பி வலையால் ஆறு பாத்திகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் சில பனையோ வேம்போ நிழலுக்கு உண்டு. ஒரு பாத்தியில் பன்றிகள் ஒரு மாதம் இருந்தால், மூக்கால் கிளறியே மண்ணை உழுதுவிடுகின்றன. பிறகு அடுத்த பாத்திக்கு மாற்றிவிட்டு, உழுத இடத்தில் பூசணி, மரவள்ளி, வேலிமசால் என்ற தீவனச் செடி என்று விதைக்கிறார்கள். அவை வளர்ந்ததும் அதே பன்றிகளுக்குத் தீனி. ஒரு மூலையில் சேற்றுக் குட்டை. வெண்பன்றிக்கு வெயில் பட்டால் தோல் கொப்பளித்துவிடுமாம், சேறுதான் அதற்குக் குடை என்றான் ஜெரால்டு.

மொத்தம் முப்பத்தெட்டு உருப்படி. வெண்பன்றியும் நாட்டுப்பன்றியும் கலந்தவை. வெள்ளை உடம்பில் மை கொட்டினாற்போல் கறுப்புத் திட்டுகள். நான் கம்பி வலையருகில் போனதும் ஒன்று ஓடிவந்து என் பையை முழுவதும் முகர்ந்து பார்த்தது.

"அவன் பேரு இன்ஸ்பெக்டர். யார் வந்தாலும் செக் பண்ணாம விடமாட்டான்" என்றான் ஜெரால்டு.

"எல்லாத்துக்கும் பேரு இருக்கா?"

"எல்லாத்துக்கும். செல்வி வைக்கிறதுதான்."

செல்வி வீட்டின் பின்பக்கம் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். "வாங்க அண்ணி" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். பூவை வாங்கி, தலையில் வைக்காமல் தண்ணீர் தெளித்து எடுத்து வைத்தாள். எனக்கும் ஜெரால்டுக்கும் இட்லி வைத்துவிட்டு அவள் வெளியே போய்விட்டாள்.

ஜெரால்டுதான் சொன்னான். அன்று விடியற்காலையில் இரண்டு பன்றிகளை அறுப்புக்கூடத்துக்குக் கொண்டுபோயிருந்தார்கள். தனியாக ஒன்றை அனுப்புவதில்லை. கூட வளர்ந்த இன்னொன்றும் சேர்ந்தே போகும். தடியால் அடித்து ஏற்றுவதில்லை. செல்வி பூசணித் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு முன்னால் நடப்பாள், அவை பின்னால் போகும். கூடத்திலும் முடியும்வரை பக்கத்திலேயே நிற்பாள். அந்த நாளில் காலைச் சாப்பாடு சாப்பிட மாட்டாள்.

"பேரு வைக்காம இருந்தா சுலபமா இருக்குமே" என்று அவளிடம் பிறகு கேட்டேன். மரவள்ளிக் கிழங்கு வெட்டிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"சுலபமா இருக்கும் அண்ணி. அப்புறம் ஒண்ணு நொண்டினாக்கூடத் தெரியாது. ஒண்ணு ரெண்டு நாளா சாப்பிடலன்னாலும் தெரியாது. கடைசி வரைக்கும் பயந்துக்காம போவணும். அதுக்கு எங்க குரல் அதுக்குத் தெரியணும், அதும் பேரு எங்களுக்குத் தெரியணும்."

பிரசவ வார்டில் ஒரே இரவில் பதினைந்து பேரைப் பார்க்கும்போது கட்டில் எண்ணைச் சொல்லிக் கூப்பிடுவோம். நானும் கூப்பிட்டிருக்கிறேன். அதை அவளிடம் சொல்லவில்லை.

பத்தரை மணிக்கு ராசாத்தி என்ற தாய்ப் பன்றி எல்லாரையும் திரும்பிப் பார்க்க வைத்தது. சினைக் கணக்குப்படி அன்றோ மறுநாளோ குட்டி போட வேண்டும். மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள் என்பது கணக்கு. அதற்கென்று ஓலை வேய்ந்த ஒரு கொட்டகையில் வைக்கோல் பரப்பி வைத்திருந்தார்கள். ராசாத்தி அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பாத்தியின் கோடியில் மூன்று பனைகள் நெருங்கி நிற்கும் இடத்துக்குப் போய், மண்ணைத் தோண்டிப் பள்ளமாக்கியது. பிறகு காய்ந்த புல்லை வாய் நிறையக் கவ்விவந்து போட்டது. பனையோலைச் சருகு, வேப்பிலைக் கொப்பு, கொடியிலிருந்து விழுந்த ஜெரால்டின் துண்டு என்று எல்லாம் போனது. ஒன்றரை மணி நேரம் நடந்துகொண்டே இருந்தது. போட்டதை மூக்கால் ஒதுக்கிச் சரிசெய்தது. திருப்தியில்லாமல் மறுபடி போனது.

"பெரிய பண்ணைங்கள்ல இதுக்கெல்லாம் வழி கிடையாது" என்றான் ஜெரால்டு. "திரும்பக்கூட முடியாத கம்பிக்கூண்டுல நிறுத்திடுவாங்க. குட்டிய நசுக்கிடும்னு காரணம் சொல்வாங்க. அதுக்குக் கூடு கட்டணும்னு உள்ளுக்குள்ள அடிச்சிக்கும். வெறும் சிமெண்டுத் தரையைக் கிளறிக்கினே இருக்கும். நான் போய்ப் பார்த்திருக்கேன். ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கத்துக்கலாம்னு போனேன்."

"அப்புறம்?"

"பதினாலு வருசம் ஒரே எடத்துல நின்னவன்க்கா நானு. கஸ்டமர் இல்லன்னாலும் உக்காரக்கூடாது. ஒரு உசுர அப்படி நிறுத்தி வச்சிதான் சோறு துன்னணும்னா எனக்கு இது வேணாம்னு செல்வியாண்ட சொன்னேன். 'அப்போ விட்டு வளப்போம், கொஞ்சமா வளப்போம்'னு சொன்னது அவதான்."

என் தம்பி அதிகம் பேசாதவன். அந்தப் பதினான்கு வருடத்தைப் பற்றி அவன் வாய் திறந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அவன் முகத்தைப் பார்க்காமல், ராசாத்தியின் மூச்சை எண்ணுவதுபோல் நடித்தேன்.

ஒன்று இருபதுக்கு முதல் குட்டி. சவ்வை உதறிவிட்டு, தானே தள்ளாடி நடந்து காம்பைக் கண்டுபிடித்தது. மனிதக் குழந்தைக்கு ஒரு வருடம் ஆகும் வேலையை ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டது. இரண்டரை மணிக்குள் நான்கு. செல்வி சற்றுத் தள்ளி உட்கார்ந்து, "நல்ல புள்ள, நல்ல புள்ள" என்று ஒரே குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதன்பிறகு நின்றுபோனது. இருபது நிமிடம், அரை மணி, முக்கால் மணி. ராசாத்தி முக்கியது, ஒன்றும் வரவில்லை. வயிறு இன்னும் பெரிதாகவே இருந்தது. மூச்சு இளைக்கத் தொடங்கியது. ஜெரால்டு கால்நடை மருத்துவருக்குப் போன் செய்தான். அவர் வேறொரு ஊரில் மாட்டுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். வர ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றார். குட்டி குறுக்கே மாட்டியிருக்கலாம், கை விட்டுப் பாருங்கள், காத்திருந்தால் தாயும் போய்விடும் என்றார்.

ஜெரால்டு தன் கையைப் பார்த்தான். மண்வெட்டி பிடித்துப் பிடித்து முறம் மாதிரி ஆகிவிட்ட கை. செல்வியின் வலது கையில் அரிவாள் பட்ட காயத்துக்குக் கட்டு. இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"பெரிய கையுறை இருக்கா?" என்று கேட்டேன்.

பழைய நைட்டிக்கு மாறி, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, நீளக் கையுறை மாட்டி, தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு மண்டியிட்டேன். இருபத்தாறு வருடத்தில் கட்டிலோ விளக்கோ டாக்டரோ இல்லாமல் நான் பார்க்கும் முதல் பிரசவம். செல்வி ராசாத்தியின் காதருகில் பேசிக்கொண்டே இருந்தாள். அது என்னை உதைக்கவில்லை, எழவும் முயலவில்லை. முன்பின் தெரியாத ஒருத்தி கையை விடுகிறாள், அது செல்வியின் குரலைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தது. பேர் எதற்கு என்று நான் காலையில் கேட்ட கேள்விக்கு அதைவிட நல்ல பதில் கிடையாது.

விரல் நுனியில் ஒரு முதுகு தட்டுப்பட்டது. குறுக்காக மடிந்து கிடந்தது. முக்கல் வரும்போது கையை நிறுத்தி, விட்டதும் மெல்லப் பின்னுக்குத் தள்ளி, ஒரு பின்னங்காலைத் தேடிப் பிடித்தேன். பிறகு இன்னொன்று. அடுத்த முக்கலோடு சேர்த்து இழுத்தேன். வந்துவிட்டது. கறுப்புத் திட்டு எதுவுமில்லாத முழு வெள்ளைக் குட்டி. அசையவில்லை.

வாயில் விரல் விட்டுச் சளியை வழித்தேன். தலைகீழாகப் பிடித்து, கோணித் துண்டால் மார்பைத் தேய்த்தேன். ஒன்றுமில்லை. மறுபடி தேய்த்தேன். "விட்டுருக்கா" என்றான் ஜெரால்டு. நான் விடவில்லை. வார்டிலும் நான் சீக்கிரம் விடுகிற ஆள் இல்லை. ஒரு நிமிடம் போயிருக்கும். எனக்கு அதைவிட நீளமாகப் பட்டது. குட்டி ஒரு தும்மல் தும்மியது. பிறகு பழைய கதவு திறப்பதுபோல் கீச்சென்று கத்தியது.

செல்வி அழுதாள். ஜெரால்டு திரும்பிக்கொண்டு பனைமரத்தைப் பார்த்தான்.

வழி திறந்ததும் மற்றவை வரிசையாக வந்தன. நாலே முக்காலுக்கு மருத்துவர் வந்தபோது மொத்தம் பன்னிரண்டு. பதினொன்று உயிரோடு, ஒன்று இறந்தே பிறந்திருந்தது. அதைச் செல்வி முருங்கை மரத்தடியில் புதைத்தாள். மருத்துவர் ராசாத்திக்கு ஓர் ஊசி போட்டு, குட்டிகளைப் பார்த்துவிட்டு, "யாரு கை விட்டது?" என்று கேட்டார். ஜெரால்டு, "எங்க அக்கா. ஸ்டாஃப் நர்ஸ்" என்றான். அந்த நான்கு சொற்களை அவன் சொன்ன விதத்துக்காகவே இன்னொரு தடவை போய்விட்டு வரலாம்.

குட்டிகளின் கூர் பல்லை இங்கே நறுக்குவதில்லை, வாலையும் வெட்டுவதில்லை. அடைத்து வைத்தால்தான் சலிப்பில் ஒன்றின் வாலை ஒன்று கடிக்கும் என்றாள் செல்வி. இரும்புச்சத்து ஊசிகூட அநேகமாகத் தேவைப்படாதாம். நாலு நாளில் மண்ணைக் கிளறித் தின்னத் தொடங்கிவிடும், இரும்புச்சத்து அந்த மண்ணிலேயே கிடைத்துவிடும். மாதா மாதம் இரும்புச்சத்து மாத்திரைக்காகக் கர்ப்பிணிகளோடு மல்லுக்கு நிற்கும் எனக்குச் சிரிப்பு வந்தது. அன்று மாலை ராசாத்தி எழுந்து ஒரு வாளித் தவிட்டுக் கஞ்சியைக் குடித்து முடித்தது. செல்வியும் மல்லிகையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாள்.

ஞாயிறு காலை ஐந்தே முக்காலுக்கு ஜெரால்டின் மினி வேனில் சென்னைக்குப் புறப்பட்டோம். பின்னால் ஐஸ் பெட்டிகளில் எழுபது கிலோ கறி, முன்பே சொல்லி வைத்தவர்களுக்கு மட்டும். கிலோ நானூற்றைம்பது ரூபாய். வேனின் பக்கவாட்டில் பனைமரத்தடியில் நிற்கும் ஒரு பன்றியை ஆளுயரத்துக்கு வரைந்து வைத்திருக்கிறான். படம் வரைந்தவருக்குப் பன்றியின் காது சரியாக வந்திருக்கிறது, பனை சற்றே தென்னையாகிவிட்டது.

கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக எட்டே காலுக்குப் பாலவாக்கம். அங்கே இரண்டு வீடுகள். அடுத்து அடையாறில் ஓர் உணவகம். அதன் முதலாளி கறியை நிறுத்து வாங்கிக்கொண்டு, "மாசம் எட்டு பன்னி குடுங்க. நாளைக்கே அட்வான்ஸ் போடறேன்" என்றார்.

"ரெண்டுதான் சார் முடியும்" என்றான் ஜெரால்டு.

வேனில் ஏறியதும் நான் கேட்டேன். "கேக்கறவங்களுக்குக் குடுக்க வேண்டியதுதானே? இன்னும் நாப்பது வளத்தா போச்சு."

"நாப்பதுக்கு மேல அந்த மண்ணு தாங்காதுக்கா. பாத்தி ஆறாது. புல்லு வராது. அப்புறம் ஹோட்டல் எச்சில வாங்கிக் கொட்டணும், சிமெண்டு போடணும், கம்பி போடணும்." கியரை மாற்றினான். "எனக்குப் போதும்க்கா."

தி.நகரில் ஒரு சந்துக்குள், மூன்றாவது மாடியில் மிசோரம் பெண்கள் நான்கு பேர் வாடகைக்கு இருக்கிறார்கள். அழகு நிலையங்களில் வேலை. வேன் சத்தம் கேட்டு ஒருத்தி இறங்கி வந்தாள். "அண்ணா, தல கீதா?" என்றாள். மெட்ராஸில் கற்ற தமிழ். தலையும் கால்களும் அவளுக்கென்று தனியாகக் கட்டியிருந்தது. பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்து பார்த்து, கண்ணை மூடினாள்.

"எங்க அம்மா வீட்ல பன்னி இப்டிதான் ஸ்மெல் அண்ணா. கடைல வாங்கறது தண்ணி ஸ்மெல்" என்றாள். இரண்டாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து வந்த ஒருத்தி என் தம்பியின் கறியில் தன் வீட்டைக் கண்டுபிடித்தாள். நான் வண்டிக்குள் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

ராயப்பேட்டையில் மூன்று வீடு முடித்து, பதினொன்றரைக்கு மந்தைவெளிக்குள் நுழைந்தோம். "எப்பவும்போல மெடிக்கல் ஷாப்பாண்ட நிறுத்திக்கறேன்" என்றான் ஜெரால்டு.

நான்கு வருடமாக அப்படித்தான். எங்கள் குடியிருப்பில் எதிர் வீட்டில் கமலா மாமி. முட்டை வாசனைக்கே ஜன்னலைச் சாத்துகிறவர். மாமியும் நானும் இருபது வருடப் பழக்கம். தம்பி என்ன செய்கிறான் என்று கேட்டால் விவசாயம் என்று சொல்லி வைத்திருந்தேன். வேன் தெருமுனையில் நிற்கும், நான் வயர்கூடையோடு போய் என் ஒரு கிலோவை வாங்கி, மேலே கீரைக்கட்டைப் போட்டு மூடிக்கொண்டு வருவேன். அவனும் ஒருநாள்கூட ஏன் என்று கேட்டதில்லை.

"மெடிக்கல் ஷாப்பு வேணாம். கேட்டாண்ட போ" என்றேன்.

"மாமி வெளிய நிக்கறாங்கக்கா."

"நிக்கட்டும். போ."

வேன் கேட்டருகில் நின்றது. ஆளுயரப் பன்றி மாமிக்கு நேரெதிரே வந்து நின்றது. மாமி படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நேத்து ராத்திரி ஆத்துல விளக்கே எரியலையேன்னு பார்த்துண்டிருந்தேன். எங்க போயிருந்தே?"

"தம்பி பண்ணைக்கு மாமி. பன்னி வளர்க்கிறான். நேத்து ஒண்ணு குட்டி போட்டுச்சு. குறுக்க மாட்டிக்கிச்சு. நான்தான் கை விட்டு எடுத்தேன்."

மாமி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"எத்தனை?"

"பன்னெண்டு. பதினொண்ணு நல்லா இருக்கு."

"பெத்தவ எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா மாமி. சாயங்காலமே எழுந்து கஞ்சி குடிச்சா."

"அது போதும்" என்றார் மாமி. பிறகு இரண்டடி முன்னால் வந்து, டிரைவர் சீட்டிலிருந்த ஜெரால்டிடம் சொன்னார்: "அம்பி, வண்டியைக் கொஞ்சம் உள்ள தள்ளி நிறுத்து. பின்னாடி கார்காரன் ஹாரன் அடிச்சிண்டே இருக்கான் பாரு."

ஜெரால்டு வண்டியை உள்ளே எடுத்தான்.